மென்பொருள் சின்த்தசைசரைப் புதிய பதிப்புக்கு மாற்றலாமா? கொங்கு வட்டார இசைக்கூடங்களுக்கான கேள்வி பதில்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பகுதிகளில் வீட்டின் ஓர் அறையையே இசைக்கூடமாக அமைத்துக்கொண்டு, வள்ளி கும்மிப் பாடல், திருவிழாப் பக்திப் பாடல், குறும்படப் பின்னணி இசை, ஜவுளிக்கடை விளம்பரம் என்று வேலை செய்துவருபவர்கள் இன்று ஏராளம். சின்த்தசைசர் நிறுவனத்திடமிருந்து "புதிய பதிப்பு வந்துவிட்டது" என்ற மின்னஞ்சல் வந்தவுடன் அவர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களும் கீழே உள்ளன. இங்கே சின்த் என்று சொல்வது, கணினியின் இசைப்பதிவு மென்பொருளுக்குள் பிளக்-இன்னாக (இணைப்பு மென்பொருளாக) இயங்கி ஒலிகளை உருவாக்கும் மென்பொருளைத்தான். கீபோர்டுக் கருவியை அல்ல.

நிறுவனங்கள் அறிவிக்கும் மேம்படுத்தல்கள் எல்லாம் ஒரே வகைதானா?

இல்லை. சில நிறுவனங்கள் பழைய உரிமையாளர்களுக்குப் புதிய பதிப்பைக் கட்டணமின்றியே தருகின்றன. 2014-இல் வெளிவந்த சீரம் என்ற சின்த், 2025-இல் சீரம் 2 ஆக வந்தபோது, முதல் பதிப்பை வாங்கியிருந்த அனைவருக்கும் இலவசமாகவே கிடைத்தது. ஆர்டூரியா நிறுவனத்தின் பிக்மென்ட்ஸ் 2018-இல் வந்ததற்குப் பிறகு அடுத்தடுத்த பெரிய பதிப்புகளையும் உரிமையாளர்கள் இலவசமாகவே பெற்றார்கள். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசைப்பதிவு மென்பொருளை ஒருமுறை வாங்கியவருக்கு அதன் பின்வரும் பதிப்புகள் எல்லாம் இலவசம். கான்டாக்ட் (பதிவு செய்த ஒலிகளை வாசிக்கும் சாம்பிளர்) போன்றவையோ ஒவ்வொரு பெரிய பதிப்பு எண்ணுக்கும் தனிக்கட்டணம் கேட்பவை.

பலரைக் குழப்புவது மூன்றாவது வகை. பெயர் பழையதாகவும் பொருள் புதியதாகவும் இருக்கும். 2019-இல் வந்த மாசிவ் எக்ஸ், அதற்கு முன்பிருந்த மாசிவ் சின்த்தின் அடுத்த பதிப்பு போலத் தோன்றினாலும், பழைய மாசிவ் பிரீசெட்டுகளை (சேமித்து வைத்த ஒலி அமைப்புகளை) அது திறப்பதில்லை, உள்ளமைப்பும் வேறு. அறிவிப்பில் மேம்படுத்தல் விலை என்று எழுதியிருந்தாலும் இப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் வாங்குவது இரண்டாவது கருவி ஒன்றை. அதைப் பழையதற்கு மாற்றாகக் கருதாமல், கூடுதல் கருவியாகக் கருதியே விலையை எடைபோட வேண்டும்.

இலவசமாக வந்தால் யோசிக்காமல் நிறுவிவிடலாம் என்றும் பொருளல்ல. பழைய பாடல்கள் திறக்குமா என்ற கேள்வி இலவசப் பதிப்புக்கும் அப்படியே பொருந்தும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

புதிய பதிப்பின் ஒலி உண்மையிலேயே நன்றாக இருக்குமா?

சில இடங்களில் இருக்கும்; ஆனால் விளம்பரக் காணொளியில் நீங்கள் கேட்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி அந்த இடங்களைச் சேர்ந்ததாக இருக்காது. புதிய பிரீசெட்டுகளில் ரிவெர்பும் டிலேயும் தாராளமாகச் சேர்க்கப்பட்டிருக்கும், ஒலியளவும் சற்றே உயர்த்தப்பட்டிருக்கும், ஸ்டீரியோ அகலமும் கூட்டப்பட்டிருக்கும். எஃபெக்ட் பகுதியை முழுவதுமாக அணைத்துவிட்டு ஒரு பிரீசெட்டைக் கேட்டால் எஞ்சுவது எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும்.

உண்மையான முன்னேற்றம் பெரும்பாலும் ஒலி அலையை உருவாக்கும் ஆசிலேட்டரிலும் அதைச் செதுக்கும் ஃபில்டரிலும் இருக்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் வேலை செய்யும்போது 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வுகளைக் கணினியால் சரியாகக் குறிக்க முடியாது. அவை கீழே மடிந்து வந்து, சுருதிக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒலிகளாகக் கலந்துவிடும். இதற்கு அலியாசிங் என்று பெயர். பழைய சின்த்கள் சிலவற்றில் இது தெளிவாகவே கேட்கும், புதியவை அதைக் குறைக்க உள்ளுக்குள் ஓவர்சாம்பிளிங் செய்கின்றன, அதாவது இன்னும் அதிக மாதிரி வேகத்தில் கணக்கிடுகின்றன. சோதித்துப் பார்க்க, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் வெறும் சா (saw, ரம்பப்பல் வடிவ) அலையை எடுத்து, கீபோர்டின் மேல்கோடி ஆக்டேவில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு பிட்ச் பெண்ட் சக்கரத்தை மெல்ல மேலே தள்ளுங்கள். சுரம் மேலே ஏறும்போது அதன் அடியில் ஏதோ ஒன்று கீழே இறங்குவது போலக் கேட்டால் அதுதான் அலியாசிங்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதைக்கூடக் காது "நல்ல ஒலி" என்றே எடுத்துக்கொள்ளும். எது பழையது எது புதியது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றி மாற்றி ஒலிக்கவிட வேண்டும். ஒன்றின் ஃபேஸை (அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து, மிச்சம் என்ன கேட்கிறது என்று பார்க்கும் முறையைச் சிலர் கையாளுகிறார்கள். ஆசிலேட்டர்கள் ஒவ்வொரு முறையும் வேறு ஃபேஸில் தொடங்கும்படி அமைந்திருந்தால் ஒரே சின்த்தின் இரண்டு பதிவுகள்கூட ஒன்றையொன்று அழிக்காது என்பதால், ஃபேஸை நிலையாக வைக்காமல் அந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை.

இதோடு, பாட்டு எங்கே ஒலிக்கப்போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில் கம்பம் நட்ட மாரியம்மன் கோயில் வாசலில், கூம்பு ஒலிபெருக்கியில் ஒலிக்கப்போகும் பாடலுக்காக ஃபில்டரின் நுணுக்கத்தைத் தேடிப் பணம் செலவழிப்பதில் பொருளில்லை. அந்த ஒலிபெருக்கி தாழ்ந்த அதிர்வெண்களைப் பெரும்பாலும் வெளியிடுவதே இல்லை. ஹெட்போனில் கேட்கப்படும் குறும்பட இசைக்கு அதே நுணுக்கம் பயன்படலாம்.

ஏற்கெனவே செய்து முடித்த பாடல்களின் புராஜெக்ட்கள் புதிய பதிப்பில் திறக்குமா?

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து. நம் பகுதியில் ஒரு பாடல் ஒப்படைக்கப்பட்டதோடு முடிந்துவிடுவதில்லை. போன ஆண்டு செய்த அம்மன் பாடலையே எடுத்துக்கொண்டு வந்து, "அதே பாட்டுத்தானுங்க தம்பி, ஊர்ப் பேரையும் உபயதாரர் பேரையும் மட்டும் மாத்திக் குடுத்துருங்கோ" என்று கேட்பவர்கள்தான் நிரந்தர வாடிக்கையாளர்கள். பாடகரின் இரண்டு வரியை மட்டும் மாற்றினால் போதும் என்றாலும், புராஜெக்ட்டைத் திறந்தவுடன் சின்த் இருந்த இடத்தில் "பிளக்-இன் கிடைக்கவில்லை" என்று வந்தால், அரை மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

திறக்காமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. புதிய பதிப்பு வேறொரு பிளக்-இன்னாகவே நிறுவப்படலாம். அப்போது பழையதும் கணினியில் இருந்தால் சிக்கல் இல்லை. சீரம் 2 அப்படித்தான் முதல் பதிப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, பழைய பிரீசெட்டுகளையும் திறக்கிறது. புதியது பழையதின் இடத்திலேயே எழுதப்பட்டால், அளவுருக்களின் வரிசை மாறி, நீங்கள் கைப்பட வரைந்த ஆட்டோமேஷன் (பாடலின் போக்கில் அளவுருக்களை மாற்றும் கோடு) வேறு எதையோ அசைக்கத் தொடங்கலாம். பிளக்-இன் வடிவமும் மாறியிருக்கலாம். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் அறிமுகப்படுத்திய விஎஸ்டி, 2008-இல் விஎஸ்டி 3 ஆனது; பழைய விஎஸ்டி 2-க்கான மேம்பாட்டுத் தொகுப்பை அந்நிறுவனம் 2018-இல் நிறுத்திக்கொண்டது. புதிய சின்த் விஎஸ்டி 3 ஆக மட்டும் வருமானால், பழைய புராஜெக்ட் தேடும் விஎஸ்டி 2 அங்கே இருக்காது. எல்லா இசைப்பதிவு மென்பொருள்களும் ஒன்றை மற்றொன்றாகத் தானே மாற்றிக்கொள்வதில்லை.

சோதனை முறை எளிது. புதியதை நிறுவுவதற்கு முன்பே, அந்த சின்த் அதிகமாகப் பயன்பட்ட மூன்று நான்கு புராஜெக்ட்களைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஆடியோவாக ரெண்டர் செய்து அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். மிடியை (வாசித்த சுரங்களின் குறிப்பை) அழிக்க வேண்டாம். பயன்படுத்திய பிரீசெட்டை அந்தப் பாடலின் பெயரிலேயே தனியாகச் சேமியுங்கள். நிறுவிய பிறகு புராஜெக்டின் நகலை மட்டும் திறந்து, ரெண்டர் செய்த ஆடியோவோடு அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள். மூலக் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் அது பழைய பதிப்புக்குத் திரும்பாமலே போகக்கூடும்.

இயங்குதளம் மாறியதால் பழைய சின்த் வேலை செய்யவில்லை. அப்போதும் யோசிக்க வேண்டுமா?

அது விருப்பத்தால் செய்யும் மாற்றம் அல்ல, கட்டாயம். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவோடு 32-பிட் மென்பொருள்கள் நின்றுபோயின. ஆப்பிள் 2020-இன் இறுதியில் தன் சொந்தச் சிப்புகளுக்கு மாறியபின், பழைய பிளக்-இன்கள், முந்தைய சிப்புகளுக்கான மென்பொருளை ஓட்ட உதவும் ரொசெட்டாவின் துணையோடுதான் ஓடுகின்றன. அந்தக் கணினிகளில் ரொசெட்டா இல்லாமல் இயங்கும் கியூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருள், விஎஸ்டி 2-ஐ ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது.

ஆனாலும் கட்டாயம் என்பதில் ஒரு வரிசை உண்டு. பழைய கணினி ஓடுமானால் அதை விற்றுவிடாமல், பழைய புராஜெக்ட்களைத் திறப்பதற்கென்றே ஒரு மூலையில் இணைய இணைப்பில்லாமல் வைத்துக்கொள்வது, பழைய கணினிக்குக் கிடைக்கும் சொற்ப விலையைவிட நிச்சயம் மதிப்புள்ளது.

என் கணினி தாங்குமா?

புதிய சின்த்கள் கேட்கும் கணிப்புத் திறன், பெரும்பாலோர் எண்ணுவதைவிட அதிகம். ஓர் எளிய கணக்கு: எட்டு சுரங்களை ஒன்றாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு யூனிசன் குரல்கள் (அதே சுரத்தின் அடுக்குகள்) வைத்து, இரண்டு ஆசிலேட்டர்களை இயக்கினால், ஒரே நேரத்தில் ஓடுபவை 112 ஆசிலேட்டர்கள். புதிய பதிப்பு மூன்றாவது ஆசிலேட்டரைச் சேர்த்திருந்தால் அது 168 ஆகும். ஓவர்சாம்பிளிங் இதற்கு மேல்.

மெமரியைப் பற்றி மட்டும் கேட்டு முடித்துவிடாமல், பிராசசரின் வகையையும் பாருங்கள். மாசிவ் எக்ஸ் வெளிவந்தபோது ஏவிஎக்ஸ் வசதி இல்லாத பழைய பிராசசர்களில் அது ஓடவே இல்லை. வாங்கிய பிறகுதான் சிலருக்கு இது தெரிந்தது.

பஃபர் (கணினி ஒரு தடவைக்குக் கணக்கிடும் மாதிரிகளின் தொகுதி) அளவைக் கூட்டினால் கிளிக் சத்தம் போகும். ஆனால் வாசிக்கும்போது தாமதம் கூடும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரி பஃபர் என்றால் சுமார் 2.9 மில்லிநொடி, 512 என்றால் சுமார் 11.6 மில்லிநொடி, இது பஃபரின் தாமதம் மட்டுமே, ஆடியோ இன்டர்ஃபேஸின் தாமதம் தனி. கும்மிப் பாட்டின் வேகமான முடிப்புப் பகுதியைக் கையால் வாசித்துப் பதிவு செய்பவருக்கு இந்த வேறுபாடு விரலிலேயே தெரியும். மிக்சிங் செய்யும்போது டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிடலாம் (தற்காலிகமாக ஆடியோவாக்கலாம்) என்பதால், உங்கள் கணினியை வாசிக்கும் நேரத்துப் பஃபரில் வைத்தே சோதியுங்கள்.

சில சின்த்களில் தரத்தையும் சுமையையும் நாமே தேர்ந்துகொள்ளலாம். யூ-ஹீ நிறுவனத்தின் டீவாவில் டிராஃப்ட், ஃபாஸ்ட், கிரேட், டிவைன் என்று நான்கு நிலைகள் உண்டு. வாசிக்கும்போது கீழ்நிலையிலும், இறுதியாக ரெண்டர் செய்யும்போது மேல்நிலையிலும் தானே மாறும்படி அமைக்கலாம். இத்தகைய ஏற்பாடு உங்கள் சின்த்திலும் இருக்கிறதா என்று கையேட்டில் தேடிப் பார்ப்பது, புதிய கணினிக்கு விலை கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது.

உடுக்கை, துடும்பு, நாதஸ்வரம் போன்ற ஒலிகளுக்குப் புதிய பதிப்பு உதவுமா?

உடுக்கைக்குத் தேவையில்லை. அண்ணமார் கதைப் பாட்டில் கேட்கும் அந்த உடுக்கை ஒலியில் இரண்டு செய்திகள்தான் முக்கியம்: தோலில் விரல் படும் கணநேர இரைச்சல், நடுவிலுள்ள கயிற்றை அழுத்தும்போது சுருதி ஏறி இறங்குவது. எந்தப் பழைய சின்த்திலும் ஒரு சைன் ஆசிலேட்டரை எடுத்து, ஆம்ப் என்வலப்பில் சஸ்டெயினைச் சுழியாக்கி, டிகேயைக் கால் நொடி அளவில் வையுங்கள். நாய்ஸ் ஆசிலேட்டரை 15 மில்லிநொடி மட்டும் ஒலிக்கவிட்டுப் பேண்ட்பாஸ் ஃபில்டர் வழியாகச் சேருங்கள். மாட் வீலைச் சுருதிக்கு இணைத்து, முழுதும் தள்ளினால் ஐந்து செமிடோன் ஏறும்படி அமையுங்கள். பிறகு வலக்கையால் தாளத்தை வாசித்துக்கொண்டே இடக்கையால் வீலை அசைத்தால், கயிற்றை அழுத்தும் கைவாகு வந்துவிடும். இதில் முதல் பதிப்பில் இல்லாத வசதி எதுவும் இல்லை.

துடும்பும் ஜமாப்பும் வேறு. பல கலைஞர்கள் ஒரே இடத்தில் நின்று அடிக்கும்போது, அடிகளுக்கிடையே விழும் மிகச் சிறிய கால வேறுபாடுகளும் திறந்தவெளியின் எதிரொலியும் சேர்ந்தே அந்த ஒலியை உருவாக்குகின்றன. சின்த்தில் ஆசிலேட்டரைக் கூட்டுவதால் அது வராது. நேரில் சென்று பதிவு செய்து, அந்தப் பதிவைச் சாம்பிளாகப் பயன்படுத்துவதே வழி. உங்கள் பழைய சின்த்தில் சாம்பிளை ஏற்றும் வசதி இல்லாமல், புதிய பதிப்பில் இருந்தால் அது ஒரு காரணமாகலாம்; ஆனால் இசைப்பதிவு மென்பொருளோடு வரும் சாதாரண சாம்பிளரே இந்த வேலையைச் செய்துவிடும்.

நாதஸ்வரத்துக்காக சின்த்தை மேம்படுத்துவதாக யாரேனும் சொன்னால் வேண்டாம் என்றே சொல்வேன். சீவாளியில் உதடும் காற்றும் சேர்ந்து செய்யும் மாற்றங்களைப் பல்ஸ் அலையால் போலி செய்தால் கேலி போலத்தான் கேட்கும். பக்கத்து ஊர்க் கோயிலில் வாசிப்பவரை அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து இரண்டு மணி நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கமகத்துக்கும் சுருதிக்கும் பழைய சின்த் போதுமா?

இங்கேதான் மேம்படுத்துவதற்கான நியாயமான காரணம் கிடைக்கக்கூடும். சாதாரண மிடியில் பிட்ச் பெண்ட் என்பது ஒரு சேனலுக்கு ஒன்றே. ஒரு சுரத்தை அசைத்தால் கூடவே ஒலிக்கும் சுரங்களும் அசையும். 2018-இல் தரமாக ஏற்கப்பட்ட எம்பிஇ முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் என்பதால், கீழே சுருதி நிற்க மேலே கமகம் தனியாக அசையலாம். எம்பிஇ கீபோர்டு வைத்திருந்து, பழைய பதிப்பு அதை ஏற்கவில்லையென்றால், மாற்றுவது சரியே. அந்தக் கீபோர்டு இல்லாதவருக்கு இந்த வசதி பெயரளவில்தான்.

ஒற்றைச் சுர மெலடிக்கு எம்பிஇ வேண்டியதில்லை. பிட்ச் பெண்ட் 16,384 படிகள் கொண்டது. வீச்சை மேலும் கீழும் 12 செமிடோன் என்று விரித்தாலும் ஒரு படி ஒரு சென்டில் (சென்ட் என்பது செமிடோனில் நூறில் ஒரு பங்கு) ஏழில் ஒரு பங்குதான். வழக்கமான 2 செமிடோன் வீச்சில் விட்டுவைத்துக்கொண்டு "கமகம் வரவில்லை" என்று புதிய பதிப்பைத் தேடுபவர்கள் முதலில் அந்த எண்ணை மாற்றிப் பார்க்கலாம்.

சுருதிப்பெட்டியோடு சேர்ந்து ஒலிக்கும் பேட் ஒலிகளில் மற்றொரு சிக்கல் உண்டு. கீபோர்டின் சமப்பகிர்வுச் சுருதியில் அந்தர காந்தாரம் ஆதார சட்ஜத்திலிருந்து 400 சென்ட். இயற்கைச் சுருதியில் 386. பாடகர் தம்புரா சுருதியை ஒட்டிப் பாடும்போது நீளமாக நிற்கும் பேட் இந்த 14 சென்ட் வேறுபாட்டால் கரகரக்கும். சுர இடைவெளிகளை நாமே வரையறுக்க உதவும் ஸ்காலா கோப்பை ஏற்கும் சின்த்தில் இதைச் சரிசெய்யலாம். உங்கள் புதிய பதிப்பு இதைச் சேர்த்திருந்தால், ஆசிலேட்டர் எண்ணிக்கையைவிட எனக்கு அது பெரிய செய்தி.

இலவசமாகக் கிடைக்கும் சின்த்கள் போதாதா?

பல வேளைகளில் போதும். 2020-இல் வந்த வைட்டல், வேவ்டேபிள் (அலைவடிவத் தொகுப்பிலிருந்து ஒலியை உருவாக்கும்) வகையைச் சேர்ந்தது. அதன் இலவசப் பதிப்பில் பிரீசெட்டும் வேவ்டேபிளும் குறைவாக இருக்குமே தவிர, ஒலியை உருவாக்கும் பகுதிகள் முழுமையாக இருக்கின்றன. சர்ஜ் எக்ஸ்டி திறந்த மூல மென்பொருள். எம்பிஇ, ஸ்காலா இரண்டையும் ஏற்கும். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியின் ஒலிகள் வேண்டுமென்றால் டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச சின்த் இருக்கிறது. லாஜிக் புரோ வைத்திருப்பவர்களுக்கு 2015 முதல் ஆல்கெமி என்ற சின்த் கூடவே வருகிறது. அதைத் திறந்தே பார்க்காமல் வேறொன்றுக்கு விலை கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய பதிப்பின் அம்சப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் உங்களை ஈர்த்த ஒரே ஓர் அம்சத்தை இவற்றுள் ஒன்றில் ஒரு முழுப் பாடலுக்குப் பயன்படுத்திப் பாருங்கள்.

உண்மையில் எவ்வளவு செலவாகும்?

இணையதளத்தில் டாலரில் காட்டும் தொகை மட்டும் அல்ல. இந்தியாவில் வாங்கும்போது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்க்கப்படலாம். அட்டை வழங்கிய வங்கி அந்நியச் செலாவணி மாற்றுக்கட்டணமாக, அட்டையைப் பொறுத்து, சுமார் 3.5 விழுக்காடு வரை எடுக்கும். அந்தக் கட்டணத்தின் மீதும் வரி உண்டு. அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே இயக்கியிருக்க வேண்டும். 2020 முதல் புதிய அட்டைகளில் அது அணைக்கப்பட்டே வருகிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வரி எண்ணைக் கொடுத்து வாங்குவது பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கடைகளில் ஆடித் தள்ளுபடி எப்படியோ அப்படித்தான் இந்த நிறுவனங்களுக்கு நவம்பர் கடைசி வாரம். அப்போது மேம்படுத்தல் விலைகள் கணிசமாக இறங்குவது வழக்கம். ஆகஸ்டில் அவசரமில்லாமல் முழு விலை கொடுப்பதற்குக் காரணம் தென்படவில்லை. அறிமுக விலை இத்தனை நாள்தான் என்று கடிகாரம் ஓடவிடுவதைக் கண்டு பதற வேண்டாம். அதே விலை பின்னர் திரும்பி வருவது மிகவும் சாதாரணம்.

மாதச் சந்தாவில் எடுக்கலாமா?

நிரந்தர உரிமம் கிடைக்குமானால் சந்தா வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. சந்தா நின்ற அன்றே முன்பு சொன்ன உபயதாரர் பெயர் மாற்றும் வேலை நின்றுவிடும். ஒவ்வொரு மாதமும் செலுத்தி முடிவில் உரிமையாக்கிக்கொள்ளும் முறை வேறு; அது தவணைதான், தவறில்லை. ஆனால் ரிசர்வ் வங்கியின் தொடர் பணம் செலுத்தல் விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தானியங்கிப் பிடித்தம் அட்டைகளில் தோல்வியடைவது அடிக்கடி நடக்கிறது. தவணை எந்தத் தேதியில் போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கிராக் செய்த பதிப்பில் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கினால் என்ன?

வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் டிரயல் பதிப்பு தருகின்றன. பழகிப் பார்க்க அது போதும். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். அதை விடவும் அன்றாடத் தொல்லை, அந்தக் கோப்பு கொண்டுவரும் வைரஸ் வாடிக்கையாளரின் பதிவுகளோடு சேர்ந்து ஹார்ட் டிஸ்க்கையே பூட்டிவிடுவது.

டிரயல் பதிப்பை எப்படிப் பயன்படுத்துவது?

பிரீசெட்டுகளைப் புரட்டிக்கொண்டே டிரயல் நாள்களைக் கழித்துவிடாதீர்கள். கையில் பாதியில் நிற்கும் ஒரு பாடலைத் தேர்ந்து, அதில் எந்த இடத்தில் உங்கள் சின்த் கைவிட்டதோ அந்த இடத்தை மட்டும் புதியதில் செய்து பாருங்கள். அப்படி ஓர் இடம் நினைவுக்கே வரவில்லை என்றால் டிரயலை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. சில டிரயல்கள் சேமிக்க விடாது, சில நடுவில் அமைதியாகிவிடும் என்பதால், கிடைத்த நல்ல ஒலியை உடனே ஆடியோவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பழைய சின்த்தில் அதை மீண்டும் உருவாக்க முடிகிறதா என்று மறுநாள் முயலலாம்.

எந்த மாதத்தில் மேம்படுத்துவது நல்லது?

வேலை குறைந்த மாதத்தில். மாசி தொடங்கிச் சித்திரை முடியும் வரை திருவிழாப் பாடல்களும், வைகாசி, ஆவணி முகூர்த்தங்களை ஒட்டிக் கல்யாணக் காணொளிக்கான இசையும் வரிசைகட்டி நிற்கும். தேர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது சின்த் மட்டுமல்ல, எதையுமே புதுப்பிக்கக் கூடாது. மார்கழி பலருக்குக் கையிருப்பு நேரம். நவம்பரின் குறைந்த விலையில் வாங்கி மார்கழியில் நிறுவுவது நன்றாகவே பொருந்தி வருகிறது.

மெல்லிசைக் குழுவில் மேடையில் மடிக்கணினியோடு வாசிக்கிறேன். எனக்கும் இதே பதில்தானா?

மேடைக் கணினியில் ஓடுவதை ஓடவிட்டு விடுங்கள். வீட்டுக் கணினியில் புதியதைப் பழகி, ஒரு முழுக் கச்சேரியின் பாடல் வரிசையை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்த பிறகே மேடைக்குக் கொண்டுசெல்லலாம். இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்கும் சின்த் என்றால், சிக்னல் கிடைக்காத திறந்தவெளி மேடையில் என்ன ஆகும் என்பதை மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, கணினியை மறுபடி இயக்கிப் பாருங்கள்.

நான் ஈரோட்டில் இசை கோக்கிறேன். மிக்சிங் செய்பவர் கோவையில் இருக்கிறார். அவரும் மேம்படுத்த வேண்டுமா?

நீங்கள் ஆடியோ ஸ்டெம்களாக (தனித்தனி ஆடியோ டிராக்குகளாக) அனுப்பினால் வேண்டியதில்லை. புராஜெக்ட்டையே அனுப்புவதானால் இருவரும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். குறிப்பாகக் கான்டாக்ட்டில், புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. இருவரில் ஒருவர் மட்டும் மாறிவிட்டு மற்றவரைச் செலவுக்கு இழுப்பது நட்புக்கும் நல்லதல்ல.

பழைய உரிமத்தை விற்றுவிட்டுப் புதியதை வாங்கலாமா?

மேம்படுத்தல் விலையில் வாங்கினால், பெரும்பாலும் பழையதும் புதியதும் ஒரே உரிமமாகவே கருதப்படும். பழையதைப் பிரித்து விற்க இயலாது. உரிமத்தை மாற்றித் தருவதை அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு, கட்டணம் கேட்பவையும் உண்டு, முற்றிலும் மறுப்பவையும் உண்டு. உரிம ஒப்பந்தத்தை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

புதியதை நிறுவியாகிவிட்டது. பழைய பதிப்பை அழித்துவிடலாமா?

இடம் நெருக்கினாலும் அழிக்காதீர்கள். ஆம்னிஸ்பியர் 2 போல அறுபது ஜிபிக்கு மேல் ஒலிநூலகம் கொண்டவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றினாலும் போதும். ஆசிலேட்டர் மட்டும் உள்ள சின்த்கள் பொதுவாகச் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். பழைய பதிப்பின் நிறுவும் கோப்பு, வரிசை எண், எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்யப்பட்டது என்ற விவரம், நீங்களே உருவாக்கிய பிரீசெட்டுகளின் ஃபோல்டர் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்து, கணினிக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். நிறுவனங்கள் பழைய நிறுவும் கோப்புகளைத் தங்கள் தளத்திலிருந்து எந்த நாளிலும் எடுத்துவிடக்கூடும். இசைப்பதிவு மென்பொருளின் பிளக்-இன் பட்டியலில் பழையது கண்ணில் பட்டுத் தொந்தரவு செய்தால் அதை மறைத்துவைக்கும் வசதி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. கியூபேஸில் பிளக்-இன் மேனேஜருக்குள் உங்களுக்கென ஒரு தொகுப்பை உருவாக்கி, அதில் புதியதை மட்டும் சேர்த்துக்கொண்டால், பட்டியலில் காணாமல் போன பழைய சின்த், பழைய பாடலைத் திறக்கும்போது மட்டும் தானாக வந்து நிற்கும்.